ஒளிரக்கூடாத மீன்

எதற்காகக் கடல் தாண்டிப் போனேனோ அந்தப் பொருளை, திருகோணமலை போய்ச் சேர்வதற்கு முன்பே, பஸ் ஜன்னல் வழியாக முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததோடு நிற்காமல், "பத்திரமாப் போங்கம்மா" என்று கையும் ஆட்டினேன்.

அவர் கண்டியிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். திருகோணமலைக்குச் சற்று முன்னால், கப்பல்துறை என்ற ஊரில் இறங்கினார். இரண்டு பை, ஒரு குடை, ஒரு முறம். கீழே நின்றுகொண்டு, "தம்பி, மேல என்ட வெள்ளித்தாள் பொதி ஒண்டு கிடக்கு, ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றார். மேல்தட்டில் வெள்ளித்தாள் சுற்றிய பொதிகள் இரண்டு இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் பொருள்களோடு பிழைப்பு நடத்துகிற எங்களைப் போன்ற வேதியியல்காரர்கள் எதையும் வெள்ளித்தாளில் சுற்றித்தான் வைப்போம். என் மனைவி ஒருமுறை பூரியைச் சுற்றிக் கொடுத்தபோது அதை ஆய்வக ஃப்ரிட்ஜில் வைத்துப் பெயரெழுதி ஒட்டியவன் நான். ஆகவே எந்தப் பொதி யாருடையது என்று யோசிக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். யோசிக்கவில்லை.

திருகோணமலை பஸ் நிலையத்தில் நசீமா காத்திருந்தாள். திருச்சியில் ஆராய்ச்சி செய்த காலத்தில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. படிப்பு முடிந்ததும் அவள் ஊர் திரும்பி விரிவுரையாளர் ஆனாள். நான் அங்கேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து தொப்பை வளர்த்தேன். "சாமான் எங்க?" என்றாள், நலம்கூட விசாரிக்காமல். பெருமையோடு நீட்டினேன். பிரித்தாள். உள்ளே நாலு மட்டன் ரோல்ஸ்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த வாயுவுக்கு ஒளிரும், குமார்?" என்று கேட்டாள்.

நல்லவேளையாக, என் பொதிக்குள் இருந்த தூள் குப்பியில் நசீமாவின் தொலைபேசி எண்ணை ஒட்டியிருந்தேன். கிண்ணியாவில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அழைப்பு வந்துவிட்டது. "பிள்ளை, இஞ்ச ஒரு சின்னப் போத்தில் கிடக்கு. உள்ளுக்க உப்பு மாதிரி என்னமோ. யாற்றயும் மருந்தா?" என்றார் அந்தப் பெண்மணி. நசீமா விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையிலிருந்து உடனே கேள்வி வந்தது. "அப்ப என்ட ரோல்ஸ்?"

அந்த நேரத்தில் ரோல்ஸில் இரண்டு என் வயிற்றிலும் இரண்டு நசீமாவின் கணவர் சலீமின் வயிற்றிலும் இருந்தன.

சலீம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துபவர். மறுநாள் விடிந்ததும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கப்பல்துறைக்குப் புறப்பட்டார். கிண்ணியாப் பாலத்தில் காற்று ஆளைத் தூக்குகிறது. எங்கள் காவிரிப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். இங்கே தொப்பியைப் பிடிப்பதா, சலீமைப் பிடிப்பதா என்று முடிவெடுப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. தொப்பியும் முடிந்துவிட்டது. "அது இப்ப மூதூர் போயிருக்கும்" என்றார் சலீம், திரும்பிப் பார்க்காமல்.

பரிகாரமாக வழியில் எட்டு ரோல்ஸ் வாங்கிக்கொண்டோம். அந்த அம்மா அதில் நாலை எங்களுக்கே தட்டில் வைத்து, தேத்தண்ணியும் தந்தார். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். குப்பியைக் கேட்டதும் சமையலறை ஜன்னலைக் காட்டினார். வெள்ளித்தாளெல்லாம் உரிக்கப்பட்டு, மூடி லேசாகத் திறந்து, காலை வெயிலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது என் குப்பி.

"ஈரம் பிடிச்ச மாதிரி இருந்துது தம்பி. பழுதாப் போயிடும் எண்டு நேற்றுப் பின்னேரமும் வெயிலில வச்சனான்."

இரண்டு வருட வேலை. இருட்டு அறையில் செய்து, இருட்டிலேயே வடிகட்டி, இருட்டிலேயே அடைத்தது. அதற்கு ஊரிலுள்ள வெயிலையெல்லாம் காட்டியிருக்கிறார், அவ்வளவு அக்கறையாக. "ரொம்ப நன்றிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? ரோல்ஸ் வேறு நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் சலீம் கேட்டார். "அண்ணன், இந்தத் தூள் என்னதான் செய்யும்? நசீமா சொன்னா எனக்கு விளங்குறதில்ல. சொல்லி முடிக்க முந்தி கோவம் வந்திடும் அவவுக்கு."

சொன்னேன். கல்லீரல் அடிபட்டால், இரத்தப் பரிசோதனையில் தெரிவதற்கு முன்பே அது சில வாயுக்களைக் கொஞ்சம் கூடுதலாக உண்டாக்குகிறது. அதில் ஒன்று கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் ஆளைக் கொல்லும் அதே வாயுதான். ஆனால் உடம்பு அதைத் துளித்துளியாகச் செய்து, செல்லுக்குச் செல் சேதி சொல்லிக்கொள்கிறது. எங்கள் தூள் ஓர் ஒற்றன். தானாக ஒளிராது. அந்த வாயு வந்து தொட்டால் மட்டும், நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். எங்கே ஒளிர்கிறதோ அங்கே அடி.

சலீம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அப்ப எனக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் என்ட ஈரலுக்குள்ள எஞ்சின் ஓடினதா?"

"ஓடியிருக்கும்."

"என்ட கடையில கொண்டுவந்து குடுத்திருந்தா நானே திருத்தியிருப்பன்" என்று சிரித்துவிட்டு, எஞ்சினை அணைத்தார். பிறகு சொன்னார். முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சல். உடம்பெல்லாம் உளைவு. நசீமா பரசிட்டமோல் கொடுத்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போனதும் அவளுடைய உம்மா கொடுத்திருக்கிறார். பின்னேரம் பார்க்க வந்த தங்கச்சியும், பாவம் நோகுதே என்று கொடுத்திருக்கிறாள். ஒருவருக்கொருவர் தெரியாது. கேட்டபோதெல்லாம் சலீமும் வாயைத் திறந்திருக்கிறார். "மூண்டு பேரும் பாசமான ஆக்கள், அண்ணன். பாசம் கூடிப்போச்சு. கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில கிடந்து தப்பினனான். முதல் எடுத்த இரத்தத்தில ஒண்டும் இல்லையாம். பிறகுதான் காட்டினது. நசீமாட்ட இதைக் கேக்காதீங்க. அவ கதைக்க மாட்டா. மீனோடதான் கதைப்பா."

மீன் என்றால், வளர்ப்பு மீன் கடைகளில் விற்கிற, வரிக்குதிரை போலக் கோடு போட்ட விரல்நுனி அளவு மீன். அதன் குஞ்சுகள் கண்ணாடி மாதிரி. கண்ணிமை மயிர் அளவுதான் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் இதயம் துடிப்பதும், இரத்தம் ஓடுவதும், கல்லீரல் ஒரு சின்னப் பருப்புப் போல ஒட்டிக்கொண்டிருப்பதும் தோலுக்கு வெளியிலிருந்தே தெரியும். சலீமுக்கு இதில் ஒரு தீராத மனக்குறை. "இந்தக் கடல் முழுக்க மீன் கிடக்கு. இவ போய் கடையில காசு குடுத்து வாங்கி, தின்னவும் ஏலாத மீன் வளக்கிறா."

நசீமாவின் ஆய்வகம் முன்பு உடைந்த மேசைகள் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியில் அவளே திரை தைத்திருக்கிறாள். மாலையில் ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரே தொட்டியில் விட்டு, நடுவில் ஒரு தடுப்பு வைத்துவிட்டுப் போவாள். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்ததும் முட்டையிடும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்பு பெண்ணை மறைத்து வைப்பார்களே, அந்த ஏற்பாடு. "நீ தரகர் வேலைக்குப் போயிருக்கலாம்" என்றேன். "இதுகள் சீதனம் கேக்கிறதில்ல. அதால இஞ்சயே இருக்கிறன்" என்றாள்.

அறையின் நடுவில் ஒளிர்வைப் பார்க்கும் பெரிய மைக்ரோஸ்கோப். அது இரவல். வியாழக்கிழமை தலைநகரத்திலிருந்து ஒரு குழு வருகிறது. நசீமா செய்துகாட்ட வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் இயந்திரம் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவளிடமிருந்த பழைய தூள் தீர்ந்துபோனது. அதனால்தான் என்னை எழுதிக் கூப்பிட்டாள்.

செய்துகாட்ட வேண்டியது இரண்டு தட்டு. ஒன்றில் பரசிட்டமோல் கலந்த நீரில் இருந்த குஞ்சுகள். இவற்றின் கல்லீரல் ஒளிர வேண்டும். மற்றதில் ஒன்றும் படாத, நல்ல குஞ்சுகள். இவை இருட்டாக இருக்க வேண்டும். கேட்பவர்கள் முதல் தட்டைத்தான் பெரிதாக நினைப்பார்கள். ஒளிர வைக்க எதனாலும் முடியும். எங்கள் தொழிலின் மானம் இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது. நல்ல மீனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத ஒற்றனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கப்பல்துறையிலிருந்து வந்ததும் ஒத்திகை. அதற்கு முன்பு வீட்டில் காலைச் சாப்பாடு. இடியப்பமும், தேங்காய்ப் பாலில் வைத்த மஞ்சள் நிற மீன் சொதியும். நான் மூன்றாம் தடவை கேட்டபோது சலீம் சட்டியையே என் பக்கம் தள்ளி வைத்தார். வெயில் குடித்த தூளில் பாதியை நானே கரைத்தேன். நானே துளித்துளியாக இரண்டு தட்டிலும் விட்டேன். விளக்கை அணைத்தோம்.

முதல் தட்டு ஒளிர்ந்தது. கல்லீரல் மட்டுமல்ல, குஞ்சு முழுக்க. இரண்டாவது தட்டும் ஒளிர்ந்தது. தலை, வால், வயிறு, எல்லாம் பச்சை. தீபாவளிக்கு எங்கள் தெருவில் சீரியல் பல்பு போட்டதுபோல நல்ல மீனெல்லாம் ஜொலித்துக்கொண்டு நீந்தின. பார்க்க அவ்வளவு அழகு. 

"வெயில்" என்றாள் நசீமா. "தூள் பழுதாப் போச்சு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையை விலக்கினாள், தட்டுகளைக் கழுவினாள், கேத்தலைப் போட்டாள். என் கோப்பையில் சீனியை ஒரு கரண்டி கூட வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வியாழன் வாற ஆக்களுக்கு நானே சொல்லிடுவன், இது வேலை செய்யல்ல எண்டு. பொய்யா ஒரு வெளிச்சத்தைக் காட்டி வச்சுக்கொள்ள எனக்கு ஏலாது. கொண்டுபோகட்டும்."

அந்த வயதுக் குஞ்சுகளில் இன்னும் ஒரு தொகுதிதான் மீதி. தூளிலும் பாதி மீதி. ஆனால் அதே வெயில் குடித்த பாதி.

புதன்கிழமை என்னை ஆய்வகப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "ஊரைச் சுத்திப் பாருங்க, குமார்." நான் பஸ்ஸில் திருகோணமலை போய், துறைமுகப் பக்கம் நடந்தேன். திருச்சியில் தெருவில் மாடு நிற்கும். இங்கே புள்ளிமான் நிற்கிறது. கொம்பு வைத்த பெரிய மான் ஒன்று என்னைப் பின்தொடர்ந்து வந்து, என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைத் தாளோடு வாங்கித் தின்றது. பக்கத்தில் ஓட்டோவில் சாய்ந்திருந்தவர், "அது டூரிஸ்ட் எண்டால் கண்டுபிடிச்சிடும்" என்றார். மானுக்குக்கூட ஒற்றறியத் தெரிகிறது, என் தூளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விரிகுடாவில் ஒரு பெரிய கப்பல் அசையாமல் நின்றது. நானும் அதைப் போலவே கொஞ்சநேரம் நின்றேன்.

பசித்தது. துயரத்தில் எனக்குப் பசி கூடும், மகிழ்ச்சியிலும் கூடும். கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன் குழம்பும் பருப்பும் சாப்பிட்டேன். பருப்பை இங்கே தேங்காய்ப் பாலில், மஞ்சள் போட்டு, குழந்தைக்கு ஊட்டுவதுபோல மெத்தென்று வைக்கிறார்கள். கை கழுவிவிட்டு, காசாளர் மேசைக்கு வந்து நோட்டை நீட்டினேன். அவர் மேசையில் கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன ஊதா விளக்கு இருந்தது. அவர் நோட்டை அதன் கீழே பிடிக்க, நான் இன்னும் விடாமல் இருந்ததால் என் விரல்களும் கீழே போயின.

என் நகங்கள் ஒளிர்ந்தன. மஞ்சள் கலந்த பச்சை. நகக்கண் முழுக்க, விரல் ரேகை முழுக்க.

நான் கையை எடுக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய கை. மஞ்சள் இப்படி ஒளிரும் என்பதை வருடா வருடம் முதலாண்டு மாணவர்களுக்கு விளக்கைப் பிடித்துக் காட்டுகிறவன் நான். அவர்கள் கையில் காட்டுவேன். என் கையில் பார்த்ததில்லை.

"ஐயா, அது நோட்டுப் பாக்கிற லைட்" என்றார் காசாளர்.

"இந்தியாவில இருந்து வந்த கை போல, ஒரிஜினலா எண்டு பாக்கிறார், விடுங்க" என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓட்டோ பிடித்தேன். வழியில் மான்கள் சாலையைக் கடந்தன, ஒவ்வொன்றாக, ஊர்வலம் போல. "ஹார்ன் அடிங்க" என்றேன். "அடிச்சா நிண்டு பாக்கும்" என்றார் ஓட்டுநர். ஆய்வகத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்து, குப்பைக் கூடையைக் கவிழ்த்து, முந்தின நாள் நான் போட்டிருந்த கையுறைகளைத் தேடி எடுத்தேன். நசீமா என்னை மனநலம் குன்றியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஆய்வகத்து ஊதா விளக்கைப் பிடித்தேன். இடது கையுறையின் விரல்நுனி ஐந்தும் ஒளிர்ந்தன. சொதிக் கையால் அதைப் பிடித்து இழுத்து மாட்டியிருக்கிறேன். அதே விரல்நுனியால் கரைசல் குப்பியின் வாயைத் துடைத்திருக்கிறேன். துளி விடுகிற குழாயின் முனை, மூடி, தட்டின் விளிம்பு, நான் தொட்ட இடமெல்லாம் பச்சை. திருச்சியில் கையுறை போட்டு வேலை செய்வது என் மாணவர்கள். நான் கதவருகே நின்று அறிவுரை சொல்பவன். பத்து வருடமாகக் கையுறையே போடாத மனிதர், நண்பிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று கடல் தாண்டி வந்து போட்டிருக்கிறார்.

"தூள் இல்ல நசீமா, நான்தான். எல்லா மீனுக்கும் நான் சொதி ஊத்தியிருக்கேன்."

நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. அவள் விளக்கை என் கையிலிருந்து வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி தானே பார்த்தாள். நிதானமாக அணைத்தாள்.

"உங்கட கை ஒளிருது எண்டு தெரியுது. அதுக்காகத் தூள் நல்லம் எண்டு ஆகாது, குமார். ரெண்டும் பழுதா இருக்கலாம்."

அவள் சொன்னது சரி. மீதித் தூளைச் சோதிக்க ஒரே ஒரு தொகுதிக் குஞ்சுகள். அதைத்தான் வந்தவர்களுக்கும் காட்ட வேண்டும். அதுவே ஒத்திகை, அதுவே அரங்கேற்றம்.

வியாழன் காலை நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டேன். கதவைத் தொடவும் அனுமதி இல்லை. சலீம் கடையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் எண்ணெய் போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த கைகளை மடிமேல் வைத்திருந்தார். நசீமா காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஒரு பொதி கொண்டுவந்திருந்தார். அதை உள்ளே கொடுக்கவும் பயம், வெளியே வைக்கவும் மனமில்லை.

"ராத்திரி அவ தூங்கல்ல" என்றார். "பக்கத்தில கிடந்து என்ட கையப் பிடிச்சுக்கொண்டே இருந்தா. நான் முழிச்சிருக்கிறன் எண்டு தெரியாது அவவுக்கு."

நான் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். 

உள்ளே சுவிட்ச் அணைகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் போனது. கொஞ்சம் கழித்து நசீமாவின் குரல் வந்தது, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல. "முதல் தட்டு. ஈரலில மட்டும். வெளிச்சம் வந்திட்டு."

சலீம் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார். "சரியா, அண்ணன்?"

"பாதி சரி. இன்னும் நல்ல மீன் தட்டு பாக்கி இருக்கு."

"அது ஒளிர்ந்தா?"

"போச்சு."

வெளியே வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். காவலாளி எங்களைக் கைகாட்டினார். அவர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்து தண்ணீர்த் தொட்டியின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. சலீம் சாப்பாட்டுப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தொடாமல், வாயை மட்டும் இடுக்கில் வைத்து, "நசீமா, நல்ல மீன்ல என்ன தெரியுது?" என்றேன்.

"ஒண்டும் தெரியல்ல."